முழங்காலில் தடவாதே

நீ வெளியே போயிருக்கிறாய், உன் போன் மேஜையிலேயே கிடக்கிறது, அதனால் எழுதிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். உன் முழங்கால் வலிக்கென்று உன் அண்ணன் சுற்றுலா போன பாலைவனத்திலிருந்து பிடுங்கி வந்த செடி, அவர் சொல்வதுபோல் கற்றாழை இல்லை. ஒடித்துப் பார்த்தேன். உள்ளே கற்றாழையின் வழுவழுப்பான சோறு இல்லை, வெள்ளையாகப் பால் வடிகிறது. ஏதோ கள்ளி. "எங்க அண்ணன் எதைக் குடுத்தாலும் உங்களுக்குச் சந்தேகம்தான்" என்று நேற்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாயே, அதற்காகவே என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கொப்பளித்துவிட்டது. உன் அண்ணன் தானும் தடவிக் குணமானதாகச் சொன்னாரே, சாயங்காலம் வந்தால் அந்தக் காலைக் காட்டச் சொல்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு. செடியில் இரண்டு தண்டு ஒடிந்திருக்கிறது. நான் ஒடித்தது ஒன்றுதான். தடவியிருந்தால் மறைக்காதே. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே கூப்பிடு. திட்டமாட்டேன்.