ஆயுத பூஜையன்று எடுத்த கணக்கு

கவரைப்பேட்டை
8-10-2009

அன்புள்ள அருணாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. அந்த ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பயப்படாதேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, பிரவுசிங் சென்டரில் கொடுத்து மெயிலில் அனுப்பச் சொல்கிறேன்.

உலையைக் கண்காணிக்க உன் கம்பெனி கம்ப்யூட்டரை உன் தம்பி அன்பு வேலை செய்யும் இரும்பு உருக்காலையில் மாட்டிவிட்டார்கள். அதற்குள் இருக்கும் பெரிய பிராசசர் கரண்டைத் தின்னும், அதனால் சின்னதைக் காவல் வைத்துப் பெரியதைத் தூங்கவிட்டு, வேலை கூடினால் எழுப்புவதுதான் உன் புரோகிராம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆலையே உன்னை மெச்சுகிறது, எனக்கும் பெருமைதான். ஆனால் எவ்வளவு தூங்கவிடலாம் என்று கணக்கெடுக்க உங்கள் ஆட்கள் வந்தது ஆயுத பூஜை அன்றைக்கு. அவர்களுக்குப் பொரிகடலையும் சுண்டலும் கொடுத்தனுப்பியதே நான்தான். அன்று உலைக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, சுவிட்சைக்கூட யாரும் தொடவில்லை. ஆறிக்கிடந்த உலையைப் பார்த்து, பெரியது நன்றாகத் தூங்கலாம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இதை உனக்கு யாராவது சொன்னார்களா?

இப்போது உலை எரிகிறது. முந்தாநாள் உலையைக் குளிரவைக்கச் சுற்றி ஓடும் தண்ணீர் நின்றுபோயும் அபாய மணி அடிக்கவில்லை. காவலுக்கு நின்ற ஜெயராஜ் பார்த்துக் கத்தி, கரண்டை நிறுத்திய பிறகுதான் அடித்ததாம். சூடு தாங்காமல் குழாய் ஓட்டையாகி, உருகின இரும்பு தண்ணீரில் பட்டால் வெடிக்கும் என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பெரிசு முழிச்சிக்கினு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்மா" என்று அன்பு சிரிக்கிறான். வரும் திங்கள் முதல் ஜெயராஜை அங்கிருந்து எடுக்கிறார்கள், மிஷினே பார்த்துக்கொள்ளுமாம். நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "இன்னாம்மா, உங்க பொண்ணு பண்ணது, நீங்களே நம்பலன்னா எப்படி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உலை எரியும்போது மறுபடி கணக்கெடுக்கும்வரை பெரியதைத் தூங்கவிடக் கூடாது, ஜெயராஜை எடுக்கக் கூடாது என்று திங்களுக்கு முன்னால் நீயே மேனேஜருக்கு எழுது. கரண்ட் செலவானால் ஆகட்டும். நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் கண்ணு. லீவு போடச் சொல்லி அன்பிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அக்கா பண்ணதுக்கு நானே பயந்து ஓடினா மத்தவன் இன்னா நினைப்பான்" என்று திங்கட்கிழமை உலைப்பக்க ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
து. மணியம்மாள்