வீட்டிலிருந்து இணைதல்: பரிந்துரைக்கப்படவில்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு மட்டும் நான்கு முறை இன்டர்நெட் போனது. நான்கு முறையும் நான்தான் எழுந்து போனேன். ஸ்டோர் ரூம் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, முப்பது வரை எண்ணி, மறுபடி செருக வேண்டும். பதினோரு வருஷப் பெட்டி, தொட்டால் கை சுடுகிறது. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி இது. எங்கேயோ எவனோ மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போனில் அலறுகிறான், இங்கே புகார் பதிகிற திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலாளி அறைக்குள்ளிருந்தே கத்தினார். "புதுசு ஒண்ணு வாங்கித் தொலைங்கம்மா. எது நல்லதுன்னு நீங்களே பாத்து ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க. அதுக்கு மேல எனக்குப் படிக்க நேரமில்ல."

பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னை எதையாவது தேர்ந்தெடுக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 5, வியாழன்

நெட்வொர்க் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பொறுமையான ஆள், தடிக் கண்ணாடி. அந்தப் பெட்டிக்கு கேட்வே என்று பெயராம். வெளியிலிருந்து வருகிற லைன் முதலில் அதற்குள் நுழைந்துதான் நம் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் பிரிகிறது. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, யாருக்கு எவ்வளவு வேகம், எல்லாம் அது வைத்ததுதான் சட்டம்.

"பெருசா இருக்குன்னு வாங்காதீங்க மேடம். பன்னெண்டு பேருக்கு அம்பது பேர் பெட்டி எதுக்கு? ரெண்டு லைன் போடுற மாதிரி வாங்குங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். வீட்லேர்ந்து யாராவது வேலை பாக்கிறாங்களா?"

பாக்கிறாங்க, ஒருத்தி பாக்கிறா என்றேன்.

ஜூன் 9, திங்கள்

அந்த ஒருத்தியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

எஸ்டிமேட் போடுகிறவள். சின்ன உருவம், விறுவிறுவென்று நடப்பாள், ஆபீஸே சிட்டு என்றுதான் கூப்பிடும். ஜனவரியில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. முதலாளியே, "பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவள் ஆபீஸ் வருகிற நாளெல்லாம் எல்லோரும் வரிசையாக "சிட்டு அம்மா எப்படி?" என்று கேட்கிறார்கள்.

என் அம்மா எப்படி என்று ஒருத்தர் கேட்டார்களா? ஏழு வருஷம் முன்னால் இதே முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்று பத்து நாள் லீவு கேட்டேன். "எல்லார் வீட்லயும்தாம்மா வயசானவங்க இருக்காங்க. நீங்க இல்லன்னா போன் யார் எடுப்பா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தேன். பதினொன்று நாற்பதுக்கு அவள் போன் பண்ணினாள். அடித்துக்கொண்டிருந்த கடிதத்தை முடித்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அது என்ன கடிதம் என்றுகூட ஞாபகமிருக்கிறது. லிஃப்ட்டின் இரும்பு ரோப்பை மாற்றச் சொல்லி ஒரு நினைவூட்டல்.

இவளுக்கு மட்டும் எதற்கு? எதற்குங்கறேன்?

ஜூன் 12, வியாழன்

கண்ணாடிக்காரர் ஒரு பெட்டியை இரண்டு நாள் சோதனைக்கு வைத்திருக்கிறார். உள்ளங்கை அகலம், சத்தமே இல்லை. இரண்டு லைனையும் மாற்றி மாற்றிப் பிடுங்கிக் காட்டினார். ஒரு போன்கூட அறுபடவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

சிட்டு இப்போது பழைய பெட்டி வழியாக வருவது ஆபத்தாம். "பின்வாசலைத் தாழ்ப்பாள் போடாம வச்சிருக்கீங்க மேடம். அவங்க வர்ற வழியில யார் வேணா வரலாம். இதுல அதுக்குன்னு தனியா பூட்டு போட்ட வழி இருக்கு. அஞ்சு பேர் வரைக்கும் சேர்த்துக்கலாம். இதோ இந்தக் கட்டத்துல டிக் போட்டு, பேர் குடுத்தா முடிஞ்சுது."

ஐந்து பேர். தேவை ஒருத்திக்கு.

தலையாட்டினேன். டிக் போடச் சொல்லவில்லை. அவரும் போடவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஒரு பக்கம் எழுதி முடித்தேன். கட்டம் போட்ட அட்டவணை. இரண்டு லைன்: உண்டு. பன்னிரண்டு பேருக்குப் போதுமான வேகம்: உண்டு. ஐந்து வருஷம் புது மென்பொருள்: உண்டு. தேவையில்லாத தளங்களைத் தடுப்பது: உண்டு.

வீட்டிலிருந்து இணைதல்: பாதுகாப்புக் காரணங்களால் பரிந்துரைக்கப்படவில்லை.

அதில் பொய் ஏதும் இல்லையே? பழைய வழி ஆபத்து என்று அவர்தானே சொன்னார்? புது வழி இல்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. யார் பரிந்துரைக்கவில்லை என்றும் எழுதவில்லை. ஆபீஸ் பாஷைக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு, செய்தவர் பெயரே வராது.

ஜூன் 18, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசி வரி வரைக்கும் படித்தாரா என்றே தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

புதுப் பெட்டி காலையில் மாட்டியாயிற்று. ஒன்பது ஐந்துக்கு சிட்டு போன் பண்ணினாள்.

"அக்கா, வீட்லேர்ந்து கனெக்டே ஆக மாட்டேங்குது."

"ஆகாதும்மா. பெட்டி மாத்தியாச்சு."

"அப்ப நான் எப்படிக்கா வேலை பாக்கிறது?"

"ஆபீஸ் இங்கதானே இருக்கு, எங்கேயும் போயிடலையே."

சொன்னவுடன் வயிற்றில் ஜில்லென்று ஒரு சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தோஷம்தான்.

ஜூன் 24, செவ்வாய்

பத்து மணிக்கு மூச்சு வாங்க வந்து நின்றாள். நேரே முதலாளி அறைக்குப் போனாள். அவர் நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்து அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். "பேப்பர்லயே இருக்கேம்மா, பாதுகாப்பு. நான் என்ன பண்ண முடியும்?" படித்த மாதிரியே சொன்னார்.

பிறகு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "வேற வழியே இல்லையாக்கா? நீங்க கொஞ்சம் அந்தக் கம்பெனிக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்களேன். அம்மாவால தனியா எழுந்து உக்காரக்கூட முடியாது. அம்மாவ வச்சிப் பாத்தவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும்."

வச்சிப் பாத்தேனா? பாக்க விட்டாங்களா?

"கேக்கறேன்" என்றேன். கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். "ஆபீஸையே ஆட்டி வைக்கிறியே, பலே" என்றார். அப்புறம் கன்னத்தில் நுரையோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

அப்புறம் என்ன அப்புறம். சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

சிட்டு ஒரு ஆள் வைத்திருக்கிறாள், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. ஐந்து நாளும் டாண் என்று ஒன்பதுக்கு வருகிறாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் எப்படி ஓடுகிறாள் என்று பார்க்க வேண்டுமே! பையின் ஜிப்பைக்கூட மூடாமல் ஓடுகிறாள். ஒரு நாள் டிபன் பாக்ஸ் படியில் உருண்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தானே பொறுக்கினாள். ஜன்னலில் நான் நின்றிருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

புதுப் பெட்டி வாராவாரம் அறிக்கை கொடுக்கிறது, யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று. முதலிடம் சிட்டு. மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, நாள் முழுக்க வீட்டுக் காமிராவில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா தூங்குவதை. ஆள் மருந்து கொடுப்பதை. எஸ்டிமேட்டுக்கு ஒரு கண், அதற்கு ஒரு கண்.

அவள் மேஜை வழியாகப் போகும்போது நானும் பார்த்தேன். கட்டில், ஒரு மேசைவிசிறி, போர்வைக்கு வெளியே ஒரு கால். அந்தக் காலை ஏன்தான் பார்த்தேனோ. என் அம்மா கால் கடைசி நாளில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் போவதற்குள் மூடிவிட்டார்கள்.

ஜூலை 16, புதன்

முதலாளி கேட்டார். "புகார் திரை கொஞ்சம் இழுக்குதே, என்ன?"

இழுக்கவில்லை. அவர் கம்ப்யூட்டர்தான் கிழடு. எனக்குத் தெரியும்.

"யாரோ வீடியோ பாக்கறாங்க சார்."

"தடுத்துடுங்க."

கம்ப்யூட்டரில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். வீட்டுக் காமிரா என்று தனியாகவே ஒரு வரி இருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். தடு.

பதினோரு மணிக்கு அவள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்று தூக்கிப் பிடித்தாள். இந்தக் கட்டிடத்துக்குள் போனின் சொந்த சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிகம், படம் வராது. கடைசியில் என்னைத்தான் கேட்டாள், "நெட் ஏதாவது ப்ராப்ளமாக்கா?"

"எல்லாருக்கும் வருதே" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

போய்விட்டார்கள்.

ஆபீஸ் போனுக்குத்தான் வந்தது. எடுத்தது நான். சிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பொம்பளை ஒரே அழுகை. பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வந்தாளாம், இருபது நிமிஷம்தானாம், அதற்குள் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார்கள். முகம் குப்புற.

இருபது நிமிஷம். காமிராவில் தெரிந்திருக்கும். தெரிந்திருக்காதா? பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டிருப்பாள். போட்டிருக்க மாட்டாளா? ஒருவேளை அந்த நேரம் பார்த்து எஸ்டிமேட்டில் இருந்திருப்பாள். இருந்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்.

எழுந்து அவள் மேஜைக்குப் போனேன். பதினைந்து அடி இருக்கும். அவள் கால்குலேட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே, "ஒரு நிமிஷம்க்கா, இத முடிச்சிர்றேன்" என்றாள்.

முடிக்கட்டும் என்று நின்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆபீஸே சிட்டு வீட்டுக்குப் போயிருந்தது. நானும் போனேன், போகாமல் இருக்க முடியுமா? ஒரே அறைதான் வீடு. காமிரா அலமாரி மேலிருந்து இன்னும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

சிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பு எலும்பாயிருந்தது. "அக்கா, நீங்க மட்டுந்தான்க்கா என் கஷ்டம் புரிஞ்சவங்க" என்று காதருகில் சொன்னாள்.

அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். கை தானாகத் தட்டியது. சனியன் பிடித்த கை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆபீஸ் போனதும் முதல் வேலையாகக் காமிராத் தடையை எடுத்தேன். யாருக்கு?

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலைக்கு வந்துவிட்டாள். இப்போது ஐந்தரைக்கு ஓடுவதில்லை. ஆறு, ஆறரை வரை உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் நாற்காலியை என் மேஜைக்கே இழுத்துப் போட்டுச் சாப்பிடுகிறாள். தன் டப்பாவில் பாதியை என் மூடியில் வைக்கிறாள். "தனியா சாப்பிட முடியலக்கா."

மூடியில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று இன்றைக்கு வாயைத் திறந்தேன். "சிட்டு, உங்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தாள், குழந்தை மாதிரி. "தண்ணி பாட்டில் குடு" என்றேன்.

சரியான கோழை நான். கெட்டவள் என்றால்கூட ஒரு கௌரவம் இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

முதலாளிக்கு மூட்டு ஆபரேஷன். ஆறு வாரம் படி இறங்கக்கூடாதாம். வீட்டிலிருந்து போன் பண்ணினார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். கை எச்சில், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே சிட்டு.

"ஏம்மா, வீட்லேர்ந்தே நான் எல்லாம் பாக்கிற மாதிரி பண்ண முடியாதா? அந்த நெட்வொர்க் ஆளையும் இதே லைன்ல சேத்திருக்கேன். அவர் சொல்றதக் கேட்டுச் செய்யுங்க."

கண்ணாடிக்காரரின் குரல் வந்தது. "புதுசா ஒண்ணும் வேணாம் மேடம். அன்னிக்கே காட்டினேனே, அந்தக் கட்டத்துல டிக் போட்டு சார் பேர் குடுங்க, அவ்ளோதான். அஞ்சு பேருக்கு இடம் இருக்கு. இன்னும் ஒருத்தரையும் சேக்கலையா நீங்க?"

போனை அணைத்திருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தது. அணைக்கவில்லை.

சிட்டு சாப்பிடுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். டிக் போட்டேன். பெயர் கொடுத்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆ, வந்துருச்சு வந்துருச்சு!" என்றார் முதலாளி. "நல்ல பெட்டியாத்தாம்மா தேடிப் பிடிச்சிருக்கீங்க."

சிட்டு பேருக்கு ஏன் அன்றைக்கே டிக் போடவில்லை என்று அவர் கேட்பார், இதோ கேட்பார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டார். அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

சிட்டு டப்பாவை மூடினாள். "அஞ்சு பேருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். தரையில் இழுக்கக்கூட இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒன்பதுக்கு வந்தாள். முதலாளி ஒரு எஸ்டிமேட் கேட்டிருந்தார், பன்னிரண்டு பக்கம், பிழையில்லாமல் முடித்து என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"சாரோட பார்வைக்கு அனுப்பிடுங்க, மேடம்" என்றாள்.