அம்மா கழற்ற மறுத்த மூக்குத்தி

அடி அண்ணாமலை
8.2.2006

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் உன் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு அதையே இங்கே எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். போனில் அம்மாவுக்குச் சளி என்று மட்டும்தான் சொன்னேன், பூத்தில் என் பின்னால் ஆட்கள் நின்றார்கள், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. மாற்றுத்துணி எடுக்க வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவின் ரத்தப் புற்றுக்கு ஏற்றுகிற மருந்து நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தின்றுவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்களே, அப்படித்தான் ஆனது. சாதாரண சளி நெஞ்சில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாய்க் கஞ்சி விழுங்குவதற்குள் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது, உதடு நீலமாகிவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோனதும் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, தொண்டையில் குழாய் விட்டு மூச்சு கொடுக்கலாம், ஆனால் எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் குழாய் வழியாகவே புதுக் கிருமி இறங்கிவிடும், பிறகு மீட்பது கஷ்டம், அதனால் முதலில் முகத்தில் மாஸ்க் கட்டி மெஷினால் காற்றைத் தள்ளிப் பார்க்கிறோம், சாயங்காலத்துக்குள் மூச்சு அடங்கவில்லை என்றால் குழாய்தான் என்றார்கள்.

மாஸ்க் கட்டினார்கள். அது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் காற்று உள்ளே போகுமாம். உன் அம்மாவின் மூக்குத்தி இருக்கிறதே, அந்த எட்டுக்கல் பேசரி, அதன் ஓரமாகக் காற்று புஸ்ஸென்று கசிந்து கண்ணில் அடித்தது, மெஷின் விடாமல் கத்தியது. நர்ஸ் கழற்றப் போனால் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பேச மூச்சில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறாள். பிடிவாதக்காரி என்று நினைத்து வெளியே நின்று நான் கத்தினேன். அப்புறம்தான் உன் சித்தி பாஞ்சாலை உள்ளே போய் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வந்து, "மாமா, புருஷன் உசிரோட இருக்கறப்ப மூக்குத்திய கயட்டினா அவருக்கு ஆவாதுனு அக்கா சொல்லுது"ன்னாள். தலையில் இடி விழுந்தது போல அப்படியே நின்றுவிட்டேன் அறிவு. காலமெல்லாம் பஸ் ஓட்டினவன், எத்தனையோ விபத்தைக் கண்ணால் பார்த்தவன், இப்படி அதிர்ந்ததில்லை. அங்கே ஒருத்தி எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மூச்சில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே நின்று அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே போய், "நீ போயிட்டா நான் மட்டும் இருந்து இன்னாடி பண்ணப் போறேன், நானே கயட்டறேன், வர்றது எனக்கே வரட்டும்"னு சொல்லி அவள் கையை எடுத்தேன். என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத்தில் போட்ட திருகு, அசையவே இல்லை. நர்ஸ் ஏதோ வழவழப்பாகத் தடவிக் கொடுத்தாள், நகத்தால் திருகித் திருகி எடுத்தேன். மாஸ்க் உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் நின்றது. பொழுது சாய்வதற்குள் உதட்டில் நிறம் திரும்பியது, குழாய் வேண்டாம் என்றார்கள். இன்னும் கண்டம் தாண்டவில்லை, பார்க்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார்கள், நானும் உனக்கு அதையே சொல்கிறேன்.

இன்று காலை தண்ணீர் கொடுக்க மாஸ்க்கைக் கொஞ்சம் எடுத்தார்கள். முதலில் மூக்கைத் தடவிப் பார்த்தாள், பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"ன்னாள்.

பதறி டிக்கெட் போடாதே, நான் சொல்லும்போது வா. குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. முக்கியமாக ஒன்று, வரும்போது அம்மாவுக்குப் புது மூக்குத்தி எதுவும் வாங்கி வராதே. பழையது என் சட்டைப் பையில் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் நான்தான் போட்டுவிட வேண்டுமாம், அதுவரைக்கும் பஸ்ஸில் பத்திரமாகப் போய்வரச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
திருமலை