இயற்றியவர் தெரியாத பாட்டு

அன்புள்ள ரெபேக்காளுக்கு,

இந்த வயதில் கற்றுக்கொண்ட எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் காவல் பார்க்கும் காக்ஸ் டவுன் மெதடிஸ்ட் கோயிலில் புதிய பாட்டுப்புத்தகம் தொகுக்கிறார்கள். அச்சுக்குப் போகும் தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எண்பத்தாறாம் பாட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நம் மகள் எஸ்தருக்கு அம்மை போட்டபோது நீ கட்டிய பாட்டு. கீழே, ‘இயற்றியவர் தெரியவில்லை’. நான் பெருக்கும்போது பாடியதைக் கேட்டு, ஆர்கன் வாசிக்கும் ஷீலாம்மா எழுதிவைத்தாராம்.

“இது எங்க வீட்டுக்காரி கட்டினதும்மா” என்றேன்.

“என்னா தாத்தா, இத்தினி நாளா சொல்லல? பழைய புக்கெல்லாம் பொரட்டி எனக்குக் கண்ணே போச்சு” என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

அந்த வரியை அடித்துவிட்டு உன் பெயரை நானே எழுதினேன்.

இரண்டாம் சரணம் கேட்கிறார்கள். தனியாகப் பாடினால் எனக்கு அங்கே நின்றுவிடுகிறது. அது வராவிட்டால் பாட்டை எடுத்துவிடுவார்களாம். எஸ்தரை எழுதச் சொல்லி இந்த மாதத்துக்குள் அனுப்பு. மணி அடிக்க நேரமாகிறது. அடுத்த வாரம் எழுதுகிறேன். போனில் மட்டும் பாடிவிடாதே. அதை முதலில் படிப்பவன் நானாக இருக்க வேண்டும்.

உன்,
யோபு