நாலு கம்பிச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. பயப்படும்படி ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசினால் என் வாய் முந்திக்கொள்ளும் என்பது உனக்கே தெரியும். கடிதம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இது நாலாவது தாள்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. நம் டிவியில் பேசுகிறவர்கள் எல்லோரும் இப்போது போர்வைக்குள் இருந்து பேசுவது போல் இருக்கிறது. அம்மா சீரியல் பார்க்கும்போது, "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று என்னைக் கேட்கிறாள். நான் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். நான் சொல்கிற கதையில் போன வாரமே இரண்டு பேர் செத்துவிட்டார்கள். டிவியில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சரி, நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் கடையில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டியே காட்டினார்கள். காது அடைத்ததுதான் மிச்சம். அடுத்த கடையில் பெட்டியின் பளபளப்பைத் தடவித் தடவிக் காட்டினார்கள். பாட்டுப் போடவே இல்லை. மூன்றாவது கடைக்காரர் ஒரு தாடிக்காரர். அவர்தான் உட்காரச் சொன்னார். "அவசரப்படாதீங்க சார். சத்தம் கூட இருந்தா எப்பவும் அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும். ரெண்டையும் ஒரே அளவுல வச்சுத்தான் கேக்கணும்" என்றார். பெட்டி காது உயரத்தில் இருக்க வேண்டுமாம். ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் ஒப்பிடக் கூடாதாம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷமாக பஸ் என்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன், இரண்டு மரப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தேன்.

கிளம்பும்போது அவர், "அடுத்த தடவை உங்களுக்கு அத்துப்படியான பாட்டு ஒண்ணு கொண்டு வாங்க. தெரிஞ்ச பாட்டுலதான் வித்தியாசம் தெரியும்" என்றார். எனக்கு எந்தப் பாட்டு அத்துப்படி? இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எதைக் கொண்டுபோகலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நீ அம்மாவிடம் வாரம் தவறாமல் பேசுகிறாய் என்பது தெரியும். என்ன பேசினாய் என்று அவள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


வியாழக்கிழமை, மதியம்

அன்பு மகனுக்கு,

பதினோரு நாள் ஆயிற்று. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். நேற்று அவரே, "ஒண்ணும் இல்ல சார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்மேல் குறை சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வியே பொய்க் கேள்வி. எனக்கு அத்துப்படியான பாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எட்டு மாதத்துக்கு முன் நீ அனுப்பினாயே, உங்கள் குழுவின் முதல் பாட்டு, அதுதான். அன்று பணிமனையில் சாப்பாட்டு இடைவேளையில் போனை மேஜையில் வைத்து நாலு தடவை போட்டுக் கேட்டேன். நாலு தடவையும் உன்னைத்தான் தேடினேன்.

அன்று போனில் உன்னிடம் சொன்னதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கும். "பாடறவன் இருக்கான், டிரம்ஸ் அடிக்கறவன் இருக்கான், நீ எங்கடா இருக்க? நீ இல்லாமலே அந்தப் பாட்டு ஓடும் போலிருக்கே. பாட்டு வேற நடுவுல நின்னுபோகுது, அதக்கூட சரிபார்க்காம அனுப்பிட்டீங்க" என்றேன். பக்கத்தில் இருந்த ஃபிட்டர்கள் சிரித்தார்கள். அது உனக்கும் கேட்டிருக்கும். பிறகு "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பின் நீ என்னிடம் பேசவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாடிக்காரர் கடைக்குப் போனேன். பாட்டைக் கொடுத்தேன். முதலில் சின்ன ஜோடியில் போட்டார். போனில் கேட்டதுபோலத்தான் இருந்தது, கொஞ்சம் துலக்கமாக. பிறகு பெரிய ஜோடிக்கு மாற்றினார். நான் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரோ வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல் போயிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். நாற்காலிக் கால் வழியாக ஏறி நெஞ்சில் வந்து நிற்கிற சத்தம் அது. "யார் சார் வண்டிய ஆஃப் பண்ணாம விட்டது?" என்று கேட்டேன். அவர், "வண்டி இல்ல சார். பேஸ் கிட்டார்" என்றார்.

அவர்தான் விளக்கினார். அவ்வளவு கீழே இருக்கிற சத்தம் வரவேண்டும் என்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டுமாம். போனில் இருப்பது கடுகளவு ஸ்பீக்கர். அது எங்கே தள்ளும்? எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிஸ்டன் எவ்வளவோ அவ்வளவுதானே இழுவை! இந்தச் சின்ன விஷயம் எனக்கு எட்டு மாதமாகப் புரியவில்லை. நீ உன் நாலு கம்பிக் கிட்டாரை வாங்கி வந்த அன்று, "ஆறு கம்பி வாங்கக் காசு பத்தலையா, நாலோட நிறுத்திட்ட?" என்று கேலி செய்தவனும் நான்தான்.

திரும்பச் சின்ன ஜோடிக்கு மாற்றச் சொன்னேன். பாட்டு கால் உடைந்த பெஞ்சு மாதிரி சாய்ந்துவிட்டது. பெரியதற்கு மாற்றினார், நேராக நின்றது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றச் சொல்லியிருப்பேன். கடைசியில் அவரே, "சார், ஸ்பீக்கர் வாங்க வந்தீங்களா, கடையில குடித்தனம் வைக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பாட்டு நடுவில் நின்றுபோகிறது என்று சொன்னேனே, அந்த இடம் வந்தது. பாடுகிறவன் நிறுத்துகிறான், டிரம்ஸ் நிற்கிறது. பிறகு நீ தனியாக வாசிக்கிறாய். ஒன்பது வினாடி, கடிகாரத்தைப் பார்த்தேன். உன் விரல் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போகிற உரசல்கூடக் கேட்டது. அத்தனை பேரும் உனக்காக ஒதுங்கி நின்று கொடுத்த இடத்தை நான் பழுது என்று சொல்லியிருக்கிறேன்.

தாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே, "யாரு சார் வாசிக்கறது? நல்ல நிதானமான கை" என்றார். தெரிந்த பையன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்றும் போயிற்று. திரும்பக் கடைக்கு நடந்தேன். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, "அது என் பையன்" என்றேன். தாடிக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "எனக்கு அப்பவே தெரியும். இயர்போன காதுல மாட்டிக்கிட்டு கேளுங்கன்னு அவன் சொன்னான், நான் கேட்டேன். நீங்க எங்க சொல் பேச்சு கேட்டீங்க?" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நான் சொல்லி நீங்க நம்பறதுல என்ன இருக்கு? உங்க காதுக்கே எட்டட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். உன் அம்மாவின் பொறுமை உனக்கு வந்திருக்கிறது. என்னுடையது எதுவும் வராமல் போனதே நல்லது.

தப்பு என்னுடையது. இதைவிட நன்றாக எழுத வரவில்லை. இன்னொரு தாள் எடுத்தால் தபாலில் போடாமலே இருந்துவிடுவேன், அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

உன் அப்பா


திங்கட்கிழமை, சாயங்காலம்

அன்பு மகனுக்கு,

பெரிய ஜோடியே வந்துவிட்டது. ஹாலில் வைத்ததும் அம்மா, "ரெண்டு பீரோ வாங்கிட்டு வந்திருக்கீங்களே" என்றாள். வழியை மறைக்கக் கூடாது என்று இரண்டையும் இரண்டு மூலையில் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். அவளுடைய சீரியல்காரர்கள் இப்போது நம் வீட்டுக்குள்ளேயே நின்று சண்டை போடுகிறார்கள். ஆனால் உன் பாட்டைப் போட்டால் கடையில் கேட்டதுபோல் இல்லை. உன் சத்தம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, குடத்துக்குள் பேசுவது மாதிரி இருந்தது. அன்று கேட்டது பிரமையோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று முழுவதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தாடிக்காரரைக் கேட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.

இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவுக்கு உன் போன் வந்தது. பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க நாற்காலியத் தூக்கிட்டு சுத்தறதச் சொன்னேன். மூலையில ஒட்டி வைக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுன்னான். சுவத்த விட்டு ரெண்டு சாண் தள்ளி வைக்கணுமாம். இல்லேன்னா கீழ்ச்சத்தம் எல்லாம் கொழகொழன்னு ஆயிடுமாம்" என்றாள். "அப்பான்னு சொன்னானா?" என்று கேட்டேன். "பின்ன, உங்க பேரச் சொல்லியா சொல்வான்?" என்றாள்.

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கையைக் கழுவி, இரண்டு பெட்டியையும் முன்னால் நகர்த்தினேன். அம்மா பிடித்தாள். என் சாணில் அளந்து வைத்துக் கேட்டோம். முன்னைக்கு எவ்வளவோ தேவலை. உன் வாசிப்பு தனித்தனியாகப் பிரிந்து வருகிறது. இருந்தாலும் இன்னும் ஒரு நூல் எங்கேயோ இடிக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். என் விரல்கள் கட்டை. உன்னுடையவை நீளம் என்று அம்மா சொல்கிறாள். நீ சொன்ன இரண்டு சாண் உன் கைக்கு இரண்டு சாண். அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உன் கையை என் கையோடு வைத்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

நீயே வந்து அளந்து வைத்தால்தான் சரியாக இருக்கும். வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். ஒரு நாள் இருந்தால் போதும். அதுவரை பெட்டிகளை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கை பத்திரம்.

அப்பா