நகராத விரல்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க ஆசை. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பினால் நீ சிரிப்பாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் புதிதாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கதையை ஒவ்வொருவரும் பத்துப் பக்கத்தில் எழுத வேண்டுமாம். முதன்முதலில் படித்த தாள் ஏதாவது இருந்தால் அதையும் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் பாடப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். எனக்கு அப்பாவின் கடிதம் இருக்கிறதே.

ஞாபகம் இருக்கிறதா? மாதம் ஒருமுறை அம்மா பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்ததும் நீ அவளுக்குப் படித்துக் காட்டுவாய். நான் உன் மடியில் இருப்பேன். கடைசியில் "கடுகு" என்று என் பெயர் இருக்கும். நான் முதலில் படித்த சொல் அதுதான். எலி கடித்தது போக மிஞ்சியதில் ஒரே ஒரு கடிதம் அனுப்பு. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
கடுகு


ஜூலை 9

அன்புள்ள கடுகுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி சுகம்.

உங்கள் கல்லூரிக்கு ஏன் நம் வீட்டுக் கதை? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளுக்கு இருநூறு விரிப்பு மடிக்கிறேன். இது யாருடைய கறை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் கல்லூரியில் அதைக் கேட்டுத்தான் மார்க் போடுவார்களாக்கும். எழுதிக் கொடுத்தால் யார் யார் படிப்பார்கள்? படித்துவிட்டு எங்கே வைப்பார்கள்? விசாரித்து எழுது.

கடிதங்கள் இல்லை. கூரை ஒழுகிய வருஷம் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று எழுது. ஊரில் எல்லோரும் அங்கேதான் படித்தார்கள்.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

போன வருஷம் கேட்டபோது எலி கடித்துவிட்டது என்றாய். இந்த வருஷம் மழை. பாவம், ஒரே பெட்டிக்கு இத்தனை கஷ்டம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. நீ படிக்கும்போது உன் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். குரல் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் ஒரே இடத்தில் நிற்கும். நாலைந்து வரித் தாளை நீ கால் மணி நேரம் படிப்பாய். நான் பஸ் பலகைகளைப் படிக்கத் தொடங்கிய மாதத்தோடு அப்பாவின் கடிதமும் நின்றது.

இன்னொன்று. நாலு வயதில் தடுப்பூசி போட வந்த நர்ஸைக் கடித்தேன். "கடுகு சிறுத்தாலும் காரம் பாரு" என்று நீ வைத்த பெயர் இது. அப்பா வீட்டை விட்டுப் போனது எனக்கு இரண்டு வயதில். வேலை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, முகவரி இல்லை என்று நீ சொன்னதால் நாம் ஒரு பதிலும் போட்டதில்லை. பிறகு அவருக்கு இந்தப் பெயர் எப்படித் தெரியும்?

அப்பா என்ன எழுதினார்? நம்மைக் கூப்பிட்டாரா? நீ போக விடாமல் செய்தாயா? நேராகவே கேட்கிறேன், எனக்கு உன்மேல் சந்தேகமாக இருக்கிறது. நான் எழுதுவதையாவது அம்மாவுக்கு உள்ளது உள்ளபடி படித்துக் காட்டுகிறாயா?

பதில் வராவிட்டால் நேரில் வந்து அம்மாவிடமே கேட்பேன்.

கடுகு


ஜூலை 15

கடுகு,

நீ வர வேண்டாம். தாள் இத்துடன் இருக்கிறது. எலியும் கடிக்கவில்லை, மழையிலும் நனையவில்லை.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து எழுதியது இது ஒன்றுதான். நாலு வரி. தனக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது, தேட வேண்டாம் என்று. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தபால்காரர் கொடுத்ததை வாசலிலேயே படித்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னடி எழுதியிருக்காரு?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை வரவில்லை. "நல்லா இருக்காராம்மா. மாசா மாசம் எழுதுவாராம்" என்றேன்.

மாசா மாசம் என்று சொல்லி வைத்தது என் முட்டாள்தனம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதே உறையைப் பள்ளிப் பையில் வைத்து, மாதம் ஒருமுறை புதிதாக வந்ததுபோல் எடுத்து வருவேன். வழியெல்லாம் யோசித்து வந்ததைப் படிப்பேன்.

நீதான் தொல்லை. "என் பேரு எங்க, காட்டு" என்று அழுதாய். அதனால் அடியில் பென்சிலால் எழுதினேன். அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவே இல்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாளா என்று எனக்கும் இன்றுவரை சந்தேகம்தான். கடிதம் நின்றபின், வேலை செய்த இடத்தில் ஏதோ ஆகியிருக்கும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உன் கடிதங்களை உள்ளபடியேதான் படிக்கிறேன், போன கடிதத்தைத் தவிர. அதில் நீ நலம் விசாரித்திருந்ததாகச் சொன்னேன்.

இதை ஒட்டுவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். அம்மாவிடம் மட்டும் கொண்டுவராதே. கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாளை ஒட்டவில்லை. அது என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. முதலில் படித்த தாள் எங்கே என்று கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றேன். விரிவுரையாளர் நம்பவில்லை. மார்க் குறையும், குறையட்டும்.

உன்மேல் கோபம் தீரவில்லை. இத்தனை வருஷமும் இல்லாத அப்பாவை நினைத்து அழுதிருக்கிறேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அதை இன்னொரு நாள் நேரில் சண்டை போடலாம்.

மசியில் இருந்த நாலு வரியை ஒரு தடவைதான் படித்தேன். பென்சில் சொல்லைத்தான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தாளின் மறுபக்கம் வரை பள்ளம் விழுந்திருக்கிறது. நான் தொட்டுத் தொட்டு அழிய, நீ மேலே மேலே எழுதியிருக்கிறாய். பத்துப் பக்கத்தின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: "நான் முதலில் படித்த சொல்லை எழுதியவள் என் அக்கா."

அம்மாவுக்கு இத்துடன் தனித் தாள் வைத்திருக்கிறேன். நாலு வரிதான். நீ கால் மணி நேரம் படி.

உன்,
கடுகு