உன் பெயருக்கும் நான் சொன்ன பதில்

என் கலாவுக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கும் பிடிக்காது.

என் வகுப்பில் ஒரு கலைச்செல்வி இருக்கிறாள். என் வகுப்பு என்றால் நான் படிக்கிற வகுப்பு இல்லை, பாடம் எடுக்கிற வகுப்பு. சிரிக்காதே. உன் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதியவள் இன்று ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். வருகை எடுக்கும்போது அந்தப் பெயர் நெருங்கினாலே என் குரல் தானாக இறங்கிவிடும். அந்தப் பெண் "பிரசன்ட் மேடம்" என்பாள். எனக்கு மூச்சு வரும், அடுத்த பெயருக்குப் போவேன்.

நேற்று அவள் வரவில்லை. ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து வேறொருத்தி குரலை மாற்றிக்கொண்டு பதில் சொன்னாள். கல்லூரியில் இது நடக்காத கதையா? வேறு யாராக இருந்தாலும் ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருப்பார்கள். எனக்கு அதற்கு மேல் ஒரு பெயரும் படிக்க வரவில்லை. பிள்ளைகள் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு அடங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமா கலா? யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

நாம் கல்லூரியில் சேர்ந்ததே கொரோனா வருடத்தில். வகுப்பறையின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை, பாடமெல்லாம் போனில் என்றார்கள். நம் காலனியில் யாரிடம் இருந்தது டச் போன்? அப்போதுதான் கல்லூரியின் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, கொரோனாவால் நொடித்துப்போன வீட்டுப் பிள்ளைகளுக்கு அவசர உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள். போன் வாங்கலாம், நெட் போடலாம், கட்டணம் கட்டலாம். நாம் இருவரும் கேட்டோம். உனக்கு அப்பா இல்லை, அதனால் கிடைத்தது. எனக்கு அப்பா இருந்தார், அவருக்கு வேலைதான் இல்லை. என்னைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, யாராவது விலகினால் எனக்கு என்றார்கள்.

நீ அந்தப் பணத்தில் உத்திரமேரூர் போய்ப் போனை வாங்கிவந்து என் கையில் வைத்தாய். "பாதி உன்துடி. ஆனா இனிமே என்னை அக்கான்னு கூப்டணும்" என்றாய். நான்கு மாதம் முன்னால் பிறந்துவிட்டதற்கு உனக்கு அவ்வளவு கொழுப்பு. போனை எடுத்துக்கொள்கிறேன், அக்கா என்றெல்லாம் கூப்பிட முடியாது என்று நான் சொன்னதில் உனக்கு நிஜமாகவே வருத்தமா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் டவர் கிடைக்காது. ஏரி மதகின் மேல் ஏறினால் கிடைக்கும். ஒரே போன், திரையில் உன் பெயர் மட்டும். போன் யார் கையில் இருக்கிறதோ அவளே இரண்டு பேருக்கும் பதில் சொல்லலாம் என்று வகுப்பு மேடம் ஒத்துக்கொண்டார். என் பெயருக்குப் பதில் சொல்லும்போது மட்டும் நீ வேண்டுமென்றே மூக்கால் பேசுவாய். என் குரல் அப்படியா இருந்தது?

பிறகு இரண்டாவது அலை வந்தது. உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த காலையில் ஆம்புலன்ஸ் காலனி முனையிலேயே நின்றுவிட்டது. கிட்டே யாரும் வரவில்லை. என்னையும் அம்மா கையைப் பிடித்து வாசலோடு நிறுத்திவிட்டாள். நீ நடந்து வந்து, போனை எங்கள் வேலிக்கல்லின் மேல் வைத்தாய். முகக்கவசத்துக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"கிளாஸ்ல என் பேருக்கும் சொல்லிடு."

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. திரும்பி வரப்போகிறவள் பேச்சு அது. இல்லை, தெரிந்துதான் சொன்னாயா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். வண்டி காலனிக்குள் வராமல் நேராக இடுகாட்டுக்குப் போனது. பெரியம்மா எட்ட நின்று பார்த்தார். உன் அம்மாவை நான் அப்படித்தானே கூப்பிடுவேன். அந்த முறையில் பார்த்தால் நீ எனக்கு அக்காதான், அது எனக்கும் தெரியும். முகத்தைத் திறந்து காட்டவில்லை. அப்போது அதுதான் சட்டம். பறை இல்லை, ஒப்பாரி இல்லை, கூட்டம் இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அழுதார்கள். "யாரை இட்டாந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று பெரியம்மா பல நாள் தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்கு யாரும் சொல்லவில்லை. உறவுக்காரர்களுக்கே சாவு சொல்ல ஆள் போகாத நேரம். உன்னோடு படித்தவர்களுக்கு நீ திரையில் ஒரு பெயர். அவர்கள் உன் முகத்தைப் பார்த்ததில்லை.

வகுப்புகள் மறுபடி தொடங்கிய அன்று மதகில் தனியாக உட்கார்ந்தேன். கீழே ஏரிக்குள் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மாவும் அங்கேதான் மண் சுமந்துகொண்டிருந்தார். மேடம் பெயர்களைப் படித்தார். எஸ்தர் என்றதும் பதில் சொன்னேன். கொஞ்சம் கழித்துக் கலைச்செல்வி என்றார். நீ சொல்லிவிட்டுப் போனது ஒரு பக்கம், வாய்ப்பழக்கம் ஒரு பக்கம். "பிரசன்ட் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

பெரியம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கரை ஏறி வந்தார்.

"இன்னாடி, எங்க கலா பேரையா கூப்டாங்க?"

"ஆமா பெரிமா."

"நீ இன்னா சொன்ன?"

"கீறான்னு சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிக்கினே இரு. பேரை ஒரு தபா அடிச்சிட்டாங்கன்னா அப்பால ஏத்த மாட்டாங்க" என்றார்.

உனக்கு நினைவிருக்கும். நூறு நாள் வேலையில் பெரியம்மா பெயர் ஒருமுறை விடுபட்டுப்போய், அதைத் திரும்ப ஏற்ற அவர் எவ்வளவு அலைந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெயரைக் கூப்பிடும்போது பதில் வந்துவிட்டால் ஆள் இருக்கிறாள் என்று பொருள். காய்ச்சலில் கிடப்பவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், பெயர் நிற்கும். மகளின் முகத்தைப் பார்க்காமலே அவளை மண்ணுக்குக் கொடுத்த ஒருத்திக்கு அந்த வழக்கம் போதுமானதாக இருந்தது. அவரிடம் போய் நான் எதை விளக்குவது?

அதற்குப் பிறகு வகுப்பு நேரம் வந்தால் கை கால் கழுவிக்கொண்டு கரை ஏறிவிடுவார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரோ வீட்டுக்கு வந்ததுபோல உட்காருவார். உன் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் பதில் சொல்வேன். அவர் ஒரு தலையசைப்போடு இறங்கிப் போய் மறுபடி கூடையைத் தூக்குவார்.

நான்தான் ஆடிப்போனேன் கலா. திரையில் உன் பெயர், பேசுவது நான். ஏதாவது சந்தேகம் கேட்டால் "நல்ல கேள்வி கலைச்செல்வி" என்பார் மேடம். என் பெயரை அடிக்க எஸ் என்று தொட்டால், போன் தானாக "எஸ்தரு லூசு" என்று எடுத்துக்கொடுக்கும். நீ எத்தனை முறை அதை அடித்திருந்தால் அது அப்படிப் படித்து வைத்திருக்கும்? சில நாட்களில் செத்தது யார் என்று எனக்கே குழம்பியது. பயமாக இருந்தது. நீ பக்கத்தில் இருப்பதுபோல ஆறுதலாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் வீட்டில் நிலைமை முற்றிவிட்டது. அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வண்டிக்கு அப்பா என் பெயரைக் கொடுத்துவிட்டார். மாதம் பிறந்தால் நான் வண்டி ஏற வேண்டும், படிப்பு அதோடு முடிந்தது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் பெயர்களைப் படித்து முடித்த கையோடு மேடம் உதவித்தொகை பற்றிப் பேசினார். முதல் முறை வாங்கியவர்களில் ஒழுங்காக வகுப்புக்கு வருபவர்களுக்கு அடுத்த பருவக் கட்டணத்தையும் கட்டப்போகிறார்களாம். "கலைச்செல்வி, உன் பேர் இருக்கு" என்றார். பிறகு, "எஸ்தர், நீதான் அடுத்தது. இவங்கள்ல யாராவது விலகினாதான் உனக்குத் தர முடியும்மா. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியலை" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியம்மா இன்னும் இறங்கிப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். "உங்க அப்பன் வண்டிக்குச் சொல்லி வெச்சிக்கீறானாமே" என்று மட்டும் கேட்டார். ஊரில் எதுதான் மறைகிறது. பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. துவைத்த புடவை கட்டி, தலையை வாரிக்கொண்டு, எனக்கு முன்பே மதகில் உட்கார்ந்திருந்தார். உன் பெயர் வந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தமாகப் பேசினால்தான் கேட்கும் என்பதுபோலப் பேசினார்.

"மேடம், நான் கலைச்செல்வியோட அம்மா. அவ இல்லம்மா. கொரோனாவுல பூட்டா. எனக்கோசரம்தான் இந்தப் பொண்ணு இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்திச்சி. எங்க பொண்ணு பேரை அடிச்சிட்டு, அடுத்து கீற பொண்ணு பேரை ஏத்திக்கோங்க."

திரையில் மேடம் பேனாவை எடுத்துப் பதிவேட்டின் மேல் குனிந்தார். பெரியம்மா என் வாயிலிருந்து கையை எடுத்தார். "அடிச்சிட்டாங்களாடி?" என்று கேட்டார். ஆமாம் பெரிமா என்றேன்.

அப்போதுதான் அவர் அழுதார். முதல் முறையாக, மார்பில் அடித்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி அழுதார். ஏரிக்குள் மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சேற்றுக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு ஒருத்தி பாட்டெடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உன் சாவுக்கு வைக்காத ஒப்பாரி அன்று மதகின் மேல் நடந்தது. நானும் அழுதேன். போனை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. மேடமும் நிறுத்தவில்லை. உன்னைப் பார்த்தே இராத உன் வகுப்பு முழுக்க, கடைசிவரை இருந்து கேட்டது.

அந்த மாதம் கம்பெனி வண்டி நான் இல்லாமல் போனது. நான் படித்தேன், மேலேயும் படித்தேன். என் பெயர் ஏறியது உன் பெயரை அடித்ததால்தான் என்பதை ஒரு பரீட்சையிலும் மறக்க முடிந்ததில்லை. கடைசிவரை மேடம் வருகை எடுக்கையில், நீ இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த பெயரைப் படிப்பார்.

பெரியம்மா இருக்கிறார். முட்டி வலி, மற்றபடி வாய் அப்படியேதான். போன் அவரிடம் இருக்கிறது, மாதா மாதம் நான் ரீசார்ஜ் செய்கிறேன். நீ வைத்த அலாரம் விடியற்காலையில் இன்னும் அடிக்கிறது. நிறுத்தத் தெரியாதா, காட்டவா என்றேன். "அவ எயுப்புறா, நீ உன் வேலையப் பாரு" என்றார். நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். வகுப்பை விட்டு வெளியே வந்ததும், வராத அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு அம்மா எடுத்தார். கல்லூரியிலிருந்து பேசுகிறேன், கலைச்செல்வி எங்கே என்றேன்.

"கீறா மேடம். நடவுக்கு ஆள் பத்தலன்னு நான்தான் இட்டுக்கினு வந்தேன். இதோ பக்கத்துலதான் கீறா, குடுக்கறேன் இருங்க."

பயந்த குரலில் அந்தப் பெண் "மேடம்" என்றாள். நாளைக்கு வந்துவிடு, பணக் கஷ்டம் ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லு என்றேன். வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை அவள் வந்தாள். பெயரைக் கூப்பிட்டேன், பதில் சொன்னாள், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் வகுப்பில் ஒரு பெயருக்குப் பதில் வந்தால், அந்த முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போக மாட்டேன். பதில் வராவிட்டால் அந்த வீட்டில் யாராவது போனை எடுக்கும்வரை விட மாட்டேன். உன் பெயருக்கு மட்டும் இனி நான் பதில் சொல்ல மாட்டேன், அக்கா. எங்கே இருக்கிறாயோ, அங்கே உன்னைக் கூப்பிட்டால் நீயே சொல்லிக்கொள்.

கடைசியில் கூப்பிட்டுவிட்ட
உன் தங்கை,
எஸ்தர்